சட்டம் கூற்றாகும்போது: ஜட்ஜ் டிரெட் சித்திரக்கதைகளில் நீதிக்காவலரும் அமானுடப் பேரழிவும்

முன்னுரை

குற்றத்தை ஒழிப்பது சட்டத்தின் நோக்கமா, வாழ்வைக் காப்பது சட்டத்தின் நோக்கமா என்னும் வினா பழமையானது. இயல்பான காலங்களில் இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றும். திருடனைப் பிடித்தால் குற்றமும் குறைகிறது, வாழ்வும் காக்கப்படுகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துக் காணும் தேவை எழுவதில்லை. பேரழிவு நேரும்போதுதான் இவை தனித்தனியே நிற்கின்றன. அப்போது நீதியைக் காப்பவர் இவற்றுள் எதன் பக்கம் நிற்பார் என்பது அறவியல் வினாவாகிறது.

இவ்வினாவை நீண்ட காலமாகத் தொடர்ந்து எழுப்பி வந்துள்ள புனைவுகளுள் ஒன்று, பிரித்தானியச் சித்திரக்கதைத் தொடரான ஜட்ஜ் டிரெட். சித்திரக்கதை என்றவுடன் சிறுவர் படிப்பு என்று ஒதுக்கும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. ஆயினும், சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவி முதலிய பிரித்தானிய நாயகர்களோடு வளர்ந்த தலைமுறைகள் தமிழில் உள்ளன. நன்மை, தீமை பற்றிய முதல் எண்ணங்களைப் பலர் அத்தாள்களிலிருந்தே பெற்றனர். அவ்வகையில் இவ்வடிவத்தை அறவியல் நோக்கில் ஆராய்வது பொருத்தமுடையதே. கேட்டுலகப் புனைவு எனத்தக்க இத்தொடரில், அமானுடப் பேரழிவை எதிர்கொள்ளும் நீதிக்காவலரின் அறநிலையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிக்காவலர் என்னும் படிமம்

2000 ஏடி என்னும் வார இதழ் 1977 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. அதன் இரண்டாம் இதழில், 1977 மார்ச் 5 நாளிட்டு, டிரெட் முதன்முதலாகத் தோன்றினார். எழுத்தாளர் ஜான் வாக்னரும் ஓவியர் கார்லோஸ் எஸ்குவெராவும் இப்பாத்திரத்தை உருவாக்கியவர்கள். கதைக்களம் அணுப்போருக்குப் பிந்தைய வடஅமெரிக்காவின் கிழக்குக் கரை. கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் மெகா சிட்டி ஒன் என்னும் பெருநகரம் அங்கு உள்ளது. மக்களாட்சி நீங்கிய அந்நகரில் ஜட்ஜ் எனப்படுவோரே ஆள்கின்றனர்.

இங்கு ஒரு சொல்லாய்வு தேவைப்படுகிறது. ஜட்ஜ் என்பதை நீதிபதி எனப் பெயர்த்தால் பொருள் குறைபடும். இவர்கள் மன்றத்தில் அமர்ந்து வழக்குக் கேட்பவர்கள் அல்லர். தெருவிலேயே குற்றவாளியைப் பிடித்து, அங்கேயே தீர்ப்பு வழங்கி, தேவையெனில் அங்கேயே கொல்லும் அதிகாரம் பெற்றவர்கள். காவலர், நடுவர், தண்டனையை நிறைவேற்றுநர் ஆகிய மூவரும் ஒருவருள் அடங்கிய நிலை இது. ஆகவே நீதிக்காவலர் என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்பெறுகிறது. காவலன் என்னும் சொல் அரசனையும் குறிப்பது நம் இலக்கிய மரபு. ஆளும் அதிகாரமும் காக்கும் கடமையும் ஒருங்கே சுட்டப்பெறுவதால் அச்சொல் இவர்களுக்குப் பொருந்துகிறது.

டிரெட்டின் முகம் வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. தலைக்கவசம் கண்களை மறைக்க, வாயும் தாடையும் மட்டுமே புலப்படும். சட்டத்திற்கு முகமில்லை என்பதன் குறியீடாக இதனைக் கொள்ளலாம். அதே வேளையில் அவருக்கு வயது உண்டு. வெளியுலகில் ஓராண்டு கழியக் கதையுலகிலும் ஓராண்டு கழிவது இத்தொடரின் மரபு. ஆகவே டிரெட் முதுமையடைகிறார். தாம் செய்தவற்றின் விளைவுகளையும் காண நேர்கிறது. முகமில்லாத ஒன்றுக்கு நினைவு இருந்தால் என்னாகும் என்பதே இத்தொடரின் உள்ளார்ந்த வினா எனலாம்.

பேரழிவின் முன்னோட்டம்

அமானுடம் கதைக்குள் நுழையும் முன்பே அதற்கான வாயில் திறக்கப்பட்டுவிட்டது. 1978-79இல் வெளிவந்த சட்டம் மாண்ட நாள் என்னும் கதையில் கேல் என்பவன் தலைமை நீதிக்காவலனாகிறான். உரோமப் பேரரசன் கலிகுலாவின் சாயலில் படைக்கப்பெற்ற பாத்திரம் இது. மீன் ஒன்றைத் தன் துணைத் தலைமையாக அவன் நியமிக்கிறான். இறுதியில் நகர மக்கள் அனைவருக்கும் மரண தண்டனை விதித்து, அதனைப் பெயர்களின் அகரவரிசைப்படி நிறைவேற்ற ஆணையிடுகிறான்.

நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்த ஆணையில் ஓர் அச்சந்தரும் ஒழுங்கு உள்ளது. கேல் பித்தன், ஆனால் அவனது ஆணை சட்ட வடிவிலேயே வெளிப்படுகிறது. பட்டியல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, ஆணையை நிறைவேற்றச் சீருடையணிந்தோர் இருக்கின்றனர். பித்தனின் சொல்லை ஆணையாக மாற்றித் தந்தது அமைப்பே. தலைவனின் மனநலம் ஒன்றையே காவலாகக் கொண்ட சட்டம் எத்துணை மெலிந்தது என்பது இதனால் புலனாகிறது. இக்கதை நிறைவுற்ற சில மாதங்களில், அதாவது 1980 சனவரியில், ஜட்ஜ் டெத் தோன்றுகிறான். கேல் பித்தத்தால் எட்டிய முடிவை அவன் தருக்கத்தால் எட்டுகிறான்.

உயிரே குற்றம் என்னும் தருக்கம்

வாக்னரும் ஓவியர் பிரையன் போலண்டும் படைத்த ஜட்ஜ் டெத், பிறிதோர் உலகிலிருந்து வருபவன். டெத் என்பது சாவு. தமிழ் மரபில் கூற்று எனலாம். அவனும் ஒரு நீதிக்காவலனே. அவனது உடை டிரெட்டின் சீருடைக்கு இருண்ட நிழல்போல வரையப்பெற்றுள்ளது. அவன் கை மனித உடலுக்குள் ஊடுருவி இதயத்தைப் பிழியும். 1981இல் வெளிவந்த அடுத்த கதையில் அச்சம், தீ, அழுகல் ஆகியவற்றின் உருவாக மேலும் மூவர் அவனுடன் சேர்கின்றனர். இந்நால்வரும் தம் உலகின் உயிர்கள் அனைத்தையும் கொன்று முடித்து, இப்போது பிற உலகங்களுக்கு நீதி வழங்க வந்திருப்பவர்கள்.

இவர்களது கொள்கை எளியது. குற்றங்கள் யாவும் உயிருள்ளோரால் செய்யப்படுகின்றன. ஆகவே குற்றத்தை ஒழிக்க உயிரை ஒழிக்க வேண்டும். உயிரோடிருத்தலே குற்றம், அதற்குத் தண்டனை மரணம்.

மணிமேகலையின் அளவைப் பகுதி முதலாகப் போலி வாதங்களை இனங்காணும் பயிற்சி தமிழ் மரபிற்கு உண்டு. அப்பயிற்சியோடு இவ்வாதத்தை நோக்கினால், பிழை எளிதில் அகப்படுவதில்லை. முதற்கூற்று உண்மை, இறந்தோர் குற்றம் செய்வதில்லை. முடிவும் முறையாகவே பெறப்படுகிறது. எவருமில்லாத உலகில் குற்றம் இராது. பிழை இவ்விரண்டிற்கும் இடையே, எவரும் வாய்விட்டுக் கூறாத எடுகோளில் உள்ளது. குற்றமின்மையே சட்டத்தின் முடிந்த பயன் என்பது அந்த எடுகோள். அதனை ஏற்றுக்கொண்டால் ஜட்ஜ் டெத்தை மறுக்க வழியில்லை.

இவ்விடத்தில்தான் இப்படைப்பின் கூர்மை வெளிப்படுகிறது. அந்த எடுகோளை மெகா சிட்டி ஒன்னின் நீதிக்காவலர்களும் ஏற்றவர்களே. சிறு பிழைக்கும் சிறை, ஐயத்திற்கும் சோதனை, எதிர்ப்புக்குத் துப்பாக்கி என வாழும் அவர்கள், டெத் நடந்து முடித்த பாதையின் நடுவில் நிற்பவர்கள். டிரெட்டுக்கும் டெத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கு நிறுத்துவது என்பதில் அடங்கும். எங்கு நிறுத்த வேண்டும் என்பதைச் சட்டம் தானே தனக்குச் சொல்லிக்கொள்ள இயலாது. அது வேறோரிடத்திலிருந்து வர வேண்டும்.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் மரண தண்டனையைப் பேசுகிறது. கொடியோரைக் கொலையால் ஒறுப்பதை, பயிருக்காகக் களை பறிப்பதோடு அது ஒப்பிடுகிறது. இவ்வுவமையைக் கடுமை மிக்கது எனக் கருதுவோர் உளர். ஆயின் அவ்வுவமைக்குள்ளேயே ஓர் எல்லை அமைந்திருப்பது நோக்கத்தக்கது. களை பறிப்பவனின் கண் பயிரின் மேல் இருக்கிறது. பயிரில்லாத வயலில் களையெடுப்புக்குப் பொருளே இல்லை. ஜட்ஜ் டெத் வயல் முழுவதையும் களை எனக் கண்டவன். களை ஒன்றும் இல்லாத வயலைப் பெறப் பயிரையும் பறித்தெறிந்த உழவன் அவன். அவன் விட்டுவந்த உலகம் குற்றமற்றது. ஆனால் அங்கு எலும்புகளே கிடக்கின்றன.

அஞ்சாமையும் இடங்கொடுத்தலும்

இப்பேரழிவை எதிர்கொள்வோர் இருவர். ஒருவர் டிரெட், மற்றவர் உளவாற்றல் பிரிவைச் சேர்ந்த ஆண்டர்சன் என்னும் பெண். இருவரது எதிர்வினையும் இருவேறு அறநிலைகளைக் காட்டுகின்றன.

அச்சத்தின் உருவான ஜட்ஜ் ஃபியர் தன் தலைக்கவசத்தின் முகமூடியைத் திறப்பான்; உள்ளே நோக்குவோர் அச்சத்தால் மடிவர். டிரெட் அதனுள் நோக்குகிறார், அஞ்சவில்லை, தம் முட்டியால் அம்முகத்தைக் குத்தித் துளைக்கிறார். தொடரின் வாசகர் பெரிதும் நினைவில் வைத்துப் போற்றும் காட்சி இது. வீரமாகத் தோன்றும் இக்காட்சி ஓர் ஐயத்தையும் எழுப்புகிறது. எதைக் கண்டும் அஞ்சாதவனிடம் அதிகாரம் முழுவதையும் ஒப்படைத்தல் தகுமா? அஞ்சுவதற்குரியதை அஞ்சாமை அறியாமை என்று கூறும் மரபு நம்முடையது. தவறிழைத்துவிடுவோமோ என்னும் அச்சமும் அவ்வகையில் அடங்கும். அவ்வச்சம் இல்லாத நீதிக்காவலர் பேய்க்கு எதிராகப் பயன்படுவார். மக்களுக்கு நடுவே ஆபத்தானவராவார்.

ஆண்டர்சனின் வழி வேறு. முதற்கதையில் உடலிழந்த டெத்தின் ஆவி அவளுள் புகுகிறது. அவள் அதனைத் துரத்த முயலாமல் தன்னுள்ளேயே பிடித்து நிறுத்துகிறாள். அவ்விருவரையும் ஒருசேர அசைவற்ற உறைக்குள் அடைத்துக் காட்சிப்பொருளாக வைக்கின்றனர். தன் உடலையே சிறையாகத் தந்த செயல் இது. அடுத்த கதையில் டிரெட்டும் அவளும் டெத்தின் உலகிற்கே செல்லும்போது, அங்குக் கொல்லப்பட்ட உயிர்களின் ஆற்றல் அவள் வழியாகப் பாய்ந்து நால்வரையும் வீழ்த்துகிறது. சட்டத்தால் வழக்கின்றிக் கொல்லப்பட்டவர்கள் பேசுவதற்கு ஒரு வாய் கிடைத்தபோதே அந்தச் சட்டம் வீழ்ந்தது என்று இதனைப் படிக்க இடமுண்டு. டிரெட்டின் வலிமை ஆண்டர்சனுக்கு இல்லை. ஆனால் பிறர் துன்பம் தன்னுள் நுழைய இடங்கொடுக்கும் இயல்பு அவளுக்கு உண்டு. நால்வரின் தருக்கத்தை முறியடிக்க அவ்வியல்பே தேவைப்பட்டது.

நகரமே சுடுகாடான கதை

1990இல் வாக்னரும் எஸ்குவெராவும் அளித்த நெக்ரோபொலிஸ் இவ்வினாவை மேலும் ஆழமாக்குகிறது. அதன் பெயருக்கு இறந்தோர் நகரம் என்பது பொருள். தம் பணியின் நேர்மையில் ஐயம் கொண்ட டிரெட் பதவி துறந்து நகருக்கு வெளியே பாழ்நிலத்திற்குச் செல்கிறார். அவர் விலகியது மக்களுக்குத் தெரியக்கூடாது என்று மேலிடம் கருதுகிறது. டிரெட்டின் மரபணுவிலிருந்தே உருவாக்கப்பெற்ற கிராக்கன் என்னும் இளைஞனுக்கு அவரது பெயரும் சின்னமும் தரப்படுகின்றன. சாவின் உடன்பிறந்தாராகக் கூறப்படும் இரு பெண் பேயுருக்கள் அவன் மனத்தைப் பற்றிக்கொள்கின்றன. அவன் வழியாக நால்வரும் திரும்புகின்றனர். நகரின் நீதிக்காவலர்கள் அவர்களது மயக்கத்திற்கு ஆட்பட்டுத் தம் மக்களையே கொல்கின்றனர்.

கிராக்கன் குற்றவாளியா? பேய் பிடித்த மனத்தின் செயலுக்கு அம்மனத்திற்குரியவர் பொறுப்பாவாரா? தன்னறிவற்ற நிலையில் செய்ததற்குத் தண்டனை இல்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நீதிநெறி. அந்நெறிப்படி கிராக்கன் விடுவிக்கப்பட வேண்டும். கதையோ அவ்வாறு முடிவதில்லை. மீண்டு வந்த டிரெட், நகரை மீட்டபின், கிராக்கனைத் தம் கையாலேயே கொல்கிறார்.

இம்முடிவைப் பலர் கடுமையான நீதியாகக் காண்பர். இக்கட்டுரையாளர் கருத்தில் இது சட்டம் தன் பழியை ஒருவன்மேல் ஏற்றிக் கழிக்கும் சடங்கு. கிராக்கனின் வாழ்வை நோக்குக. ஒரு வெறிக்கூட்டத்தாரால் தம் படைக்கருவியாக வளர்க்கப்பட்டவன் அவன். பின்னர் நீதிக்காவலர்களால் பணிதலுக்குப் பழக்கப்பட்டவன். இறுதியாக இன்னொருவரின் பெயரைச் சுமக்குமாறு பணிக்கப்பட்டவன். தனக்கென ஒரு மனம் வளர எவரும் இடம் தரவில்லை. காலியாக வைக்கப்பட்ட வீட்டிற்குள் பேய் நுழைந்தது. வீட்டைக் காலியாக வைத்தவர்கள் பேயையும் வீட்டையும் மட்டுமே குற்றஞ்சாட்டினர்.

ஏனைய நீதிக்காவலர்களுக்கும் இது பொருந்தும். நால்வரின் ஆட்சியில் அவர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அதே சீருடை, அதே வாகனம், அதே துப்பாக்கி, அதே பணிவு. ஆணையின் உள்ளடக்கம் மட்டுமே மாறியது. பேய் வந்து அவர்களைக் கொடியோராக்கியது என்பதைவிட, கேள்வி கேட்காத பணிவு எவர் வந்தாலும் ஏறி அமரக்கூடிய இருக்கையாகத் தயாராக இருந்தது என்பதே பொருத்தம்.

ஐந்து நகரங்களின் கணக்கு

1992இல் கார்த் என்னிஸ் எழுதிய தீர்ப்பு நாள் என்னும் கதையில் பேரழிவு உலகளாவியது. சப்பாத் என்னும் மந்திரவாதி இறந்தோரை எழுப்பி உயிருள்ளோர்மேல் ஏவுகிறான். கொல்லப்படுவோரும் எழுந்து அப்படையில் சேர்வதால் எதிரி பெருகிக்கொண்டே செல்கிறான். பல நாட்டு நீதிக்காவலர்களும் கூடுகின்றனர். இறந்தோரின் வசமாகிவிட்ட ஐந்து பெருநகரங்களை அணுகுண்டுகளால் அழிப்பதென முடிவாகிறது. அமெரிக்க மேற்குக் கரையின் மெகா சிட்டி டூ அவற்றுள் ஒன்று.

இங்கு எதிர்வாதத்தை நேர்மையாக எண்ணிப்பார்க்க வேண்டும். ஐந்து நகரங்களை இழந்து எஞ்சிய உலகைக் காத்தல் தவறா? வேறு வழி இல்லாதபோது குறைந்த தீமையைத் தேர்ந்தெடுப்பதும் அறமன்றோ? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வெள்ளத்தில் மூழ்கும் ஊரைக் காக்க ஒரு கரையை உடைத்துவிட வேண்டிய நிலை மெய்யுலகிலும் நேர்வதுண்டு. அத்தகைய முடிவெடுப்பவரைக் கொலைஞர் என எளிதாகக் கூறிவிட முடியாது.

எனினும் முடிவு ஒன்று. அதனை எடுப்போர் யார் என்பது மற்றொன்று. அந்நகரங்களில் மறைந்திருந்து உயிர்பிழைத்தோர் எவரேனும் இருந்திருப்பின், அவர்கள் சார்பில் பேச அந்த அவையில் எவரும் இல்லை. மக்களிடம் ஒருபோதும் கணக்குக் கொடுக்காத அமைப்பு இயல்பான நாளில் எடுக்கும் முடிவும், பேரழிவு நாளில் எடுக்கும் முடிவும் ஒரே வடிவினவாக இருக்கின்றன. வேறு வழியில்லை என்பதைச் சொல்பவரைத் தவிர வேறெவரும் சரிபார்க்க இயலாதபோது, அச்சொல் வாதமாக நில்லாமல் ஆணையாகிவிடுகிறது.

இத்தகைய கணக்கு முடிவதும் இல்லை. 1982இல் வெளிவந்த பேரழிவுப் போர் என்னும் கதையில் அமானுடம் இல்லை. சோவியத் பெருநகரொன்று படையெடுக்கிறது. டிரெட் அந்நகரின்மேல் அணு ஏவுகணைகளைச் செலுத்தி ஐம்பது கோடிப் பேரை அழிக்கிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2011 முதல் 2012 வரை வெளிவந்த குழப்ப நாள் என்னும் தொடர்கதையில், அந்நகரிலிருந்து தப்பியோர் பழிவாங்க ஒரு கிருமியைப் பரப்புகின்றனர். மெகா சிட்டி ஒன்னின் மக்களுள் பெரும்பகுதியினர் மடிகின்றனர். காக்கப்பட்டதாகக் கருதிய நகரையே அன்றைய முடிவு பின்னாளில் தேடிவந்து அழித்தது. முதுமையடைந்த டிரெட் அதனைக் காண உயிரோடிருக்கிறார்.

அறம் கூற்றாதலும் சட்டம் கூற்றாதலும்

சிலப்பதிகாரம் தன் காப்பியப் பொருள்களுள் ஒன்றாகக் கூறுவது, அரசியலில் தவறியோர்க்கு அறமே கூற்றுவனாக வரும் என்பது. இதனை இத்தொடரோடு நேர்ப்பட ஒப்பிடுதல் பொருந்தாது. காலமும் களமும் நோக்கமும் வேறு. எனினும் கூற்று என்னும் ஒரு சொல் இரு படைப்புகளுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க உதவுகிறது.

மதுரையில் பிழைபட்ட தீர்ப்பு வழங்கப்பெறுகிறது. ஆராயாது கொல்லும் ஆணையைப் பிறப்பித்த பாண்டியன், தன் பிழை உணர்த்தப்பெற்ற அளவில் உயிர் நீக்கிறான். அதன் பின்னரே அமானுடமான தீ நகரைப் பற்றுகிறது. கண்ணகியின் ஆணையால் முதியோரும் குழவிகளும் பிறர் சிலரும் அத்தீயினின்று விலக்கப்பெறுகின்றனர். அழிவும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, கூற்று முதலில் வருவது ஆள்வோனிடம்.

மெகா சிட்டி ஒன்னில் கூற்று ஆள்வோரின் சீருடையணிந்து மக்களிடம் வருகிறது. அங்குச் சட்டமே கூற்றாகிறது. அதற்கு விலக்குப் பட்டியல் இல்லை. பாண்டியன் தன்னையே குற்றவாளியாகக் கண்டான். நெக்ரோபொலிஸில் குற்றவாளியாகக் காணப்பட்டவன் கிராக்கன். அவனை உருவாக்கிய அமைப்பு தொடர்ந்து ஆள்கிறது. தன் பிழையைத் தன்மேல் ஏற்கும் சட்டம் அறத்தின் அருகில் நிற்கிறது. தன் பிழையைப் பேயின்மேல் ஏற்றும் சட்டம் அடுத்த பேயின் வரவுக்குக் காத்திருக்கிறது.

வாக்கெடுப்பும் வாசகரும்

ஆயினும் டிரெட் என்னும் பாத்திரம் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. நெக்ரோபொலிஸுக்குப் பின், 1991இல் வெளிவந்த கதைகளில், நீதிக்காவலர் ஆட்சி தொடர வேண்டுமா, மக்களாட்சி திரும்ப வேண்டுமா என்பதை மக்களே முடிவுசெய்யப் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று டிரெட்டே வலியுறுத்துகிறார். அமானுடத்தை வென்றபின் அவர் எடுக்கும் துணிவான அடி இது. எங்கு நிறுத்துவது என்பதைச் சட்டத்திற்கு வெளியிலிருந்து கேட்க முற்பட்ட செயல் எனலாம்.

முடிவு கசப்பானது. பெரும்பாலோர் வாக்களிக்கவே இல்லை. வாக்களித்தோருள் பெரும்பான்மையினர் நீதிக்காவலர்களையே தேர்ந்தெடுத்தனர். பேய்களைக் கண்டு அஞ்சிய மக்கள் தம்மை அடக்குவோரையே காவலாகக் கருதினர். பேரழிவு அதிகாரத்தைக் குலைக்கும் என்பது பொதுநம்பிக்கை. அது அதிகாரத்தை வலுப்படுத்தவும் கூடும் என்பதை இக்கதை காட்டுகிறது.

இதே முரண் வாசகரிடத்தும் உண்டு. டிரெட் அதிகார வெறியை எள்ளும் அங்கதமாகத் தொடங்கப்பெற்றவர். ஆனால் வாசகர் பலர் அவரை மெய்யான நாயகராக ஏற்றுக் கைதட்டினர். 1990இல் வாக்னரும் ஓவியர் காலின் மெக்நீலும் வெளியிட்ட அமெரிக்கா என்னும் கதை, மக்களாட்சி வேண்டிப் போராடும் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து டிரெட்டைக் காட்டியது. கைதட்டியவர்களை நோக்கி ஆசிரியரே திரும்பி நின்று வினவியதாக அக்கதையைக் கொள்ளலாம்.

கைதட்டியவர்கள் தொலைவில் உள்ளோர் அல்லர். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் கைதான நால்வர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விடத்தில் மக்கள் காவலர்கள்மேல் மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று 2022இல் வெளியான அறிக்கையில் கூறியது. அன்று ஆய்வு மாணவராக இருந்த இக்கட்டுரையாளரும், செய்தி கேட்ட முதல் கணத்தில் நிறைவு கொண்டவர்களுள் ஒருவர். நடந்த கொடுமையின் அளவு அத்தகையது. அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்னும் வினா விடாது தொடர்ந்தது. குற்றம் ஒழிந்தது என்னும் எண்ணத்திலிருந்து வந்தது என்பதே விடை. அந்த எண்ணத்தின் கடைசிப் படியில் யார் நிற்கிறார் என்பதை ஒரு சித்திரக்கதை முன்னரே வரைந்து காட்டியிருந்தது. வழக்கு நடந்திருந்தால் அந்நால்வரும் தண்டனை பெற்றிருக்கக்கூடும். அல்லது அவர்களுள் ஒருவரேனும் குற்றமற்றவர் என்பது வெளிப்பட்டிருக்கக்கூடும். இரண்டையும் அறியும் வழி அன்று விடியுமுன் அடைக்கப்பட்டுவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

ஜட்ஜ் டிரெட் தொடரின் அமானுடப் பேரழிவுகளுள் ஆழமானவை நீதிக்காவலருக்கு வெளியிலிருந்து வருவன போலத் தோன்றினும், அவர்களது கொள்கையின் முடிந்த முடிவாகவே அமைகின்றன. குற்றமின்மையே சட்டத்தின் பயன் என்று கொண்டால் ஜட்ஜ் டெத்தே நிறைவான நீதிக்காவலன் ஆவான். எனவே அவ்வெடுகோள் தவறானது; வாழ்வைக் காத்தலே சட்டத்தின் பயன், குற்றம் குறைதல் அதன் வழிகளுள் ஒன்று.

பேரழிவை அஞ்சாமையால் மட்டும் வெல்ல இயலாது. பிறர் துன்பத்திற்குத் தன்னுள் இடம்தரும் இயல்பும் வேண்டும் என்பதை ஆண்டர்சன் உணர்த்துகிறாள். மனச்சான்று வளர இடம்தராத பணிவு, எத்தீமைக்கும் ஏவலாகும் என்பதைக் கிராக்கன் உணர்த்துகிறான். பேரிடர் நாளில் எடுக்கும் கொடிய முடிவு சிலவேளை தவிர்க்க இயலாததாகலாம். ஆயின் இயல்பான நாளில் கணக்குக் கொடுத்துப் பழகாத அமைப்பு அம்முடிவை எடுக்கும் தகுதியுடையதன்று.

சீருடையணிந்தோர்மேல் இவ்வினாக்கள் அனைத்தையும் சுமத்திவிட்டு வாசகர் விலகிக்கொள்ள முடியாது. அவர்கள் எங்கு நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் சட்டத்திற்கு வெளியே உள்ளது என்று மேலே கூறப்பட்டது. அவ்விடத்தில் நிற்பவர்கள் மக்கள். மெகா சிட்டி ஒன்னின் மக்கள் அவ்விடத்திற்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டனர். நாம் அங்கே மலரோடு போய் நின்றோம். இவ்விரண்டும் அல்லாத ஒரு நிற்றலைக் கற்பதே இக்கதைகளைப் படிப்பதன் பயனாக அமையும்.